மலை தெரியாத ஜன்னல்

வீடுகளுக்குப் பிளான் போடுவது என் தொழில். எங்கள் திருவண்ணாமலையில் எந்த ஃபிளாட்டையும் 'மலை தெரியும்' என்று சொல்லித்தான் விற்பார்கள். செங்கம் ரோட்டுப் பக்கம் எட்டு வீட்டுக் குடியிருப்பு ஒன்றுக்கு நான் முதலில் போட்ட பிளானில், ஒவ்வொரு சமையலறை ஜன்னலும் மாடிப்படியைப் பார்த்து இருந்தது. சமைக்கிறவர்கள் கண்ணில் படாமல் யாரும் ஏறி இறங்க முடியாது.

கட்டுகிறவர் உதட்டைப் பிதுக்கினார். "மலைய உட்டுட்டு மாடிப்படியப் பாக்கவா சார் துட்டு குடுப்பாங்க? எல்லாத்தையும் மலைப் பக்கம் திருப்புங்க."

திருப்பினேன். வாதாடவில்லை, அடுத்த வேலையும் அவரிடமிருந்துதான் வரவேண்டும். படியைச் சுற்றி வெறும் சுவர். அந்தக் குடியிருப்பில் முதல் மாடி வீடு ஒன்றை, மாமா போன பிறகு தனியாக இருந்த என் அக்காவை வாங்க வைத்ததும் நான்தான். பயமில்லாமல் இருக்கலாம் என்று வாய் கூசாமல் சொன்னேன்.

போன ஆடியில், பட்டப்பகலில், கீரை வாங்கிக்கொண்டு ஏறியவளின் கழுத்துச் சங்கிலியைப் படித் திருப்பத்தில் நின்ற ஒருவன் அறுத்துக்கொண்டு ஓடினான். விழுந்ததில் அவள் மணிக்கட்டு முறிந்தது. கத்தியிருக்கிறாள். தெருவில் ஏதோ சண்டை என்று மற்ற வீடுகளில் நினைத்தார்களாம். எட்டிப் பார்க்க ஒரு ஜன்னல் கிடையாது.

விசாரிக்க வந்த போலீஸ்காரர் படியில் நின்று சுற்றிலும் பார்த்தார். "எடம் பாத்துத்தான் நின்னுருக்கான். இங்க ஒருத்தர் கண்ணும் படாது." எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

படிப் பக்கம் ஜன்னல் வெட்டித் தருகிறேன், செலவு என்னுடையது என்று வீடு வீடாகக் கெஞ்சினேன். "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?" என்று சிரித்தார் ஒருவர். "கேமரா வெச்சுக்கலாங்க" என்றார் இன்னொருவர். கேமரா பார்க்கும், சரி. கதவைத் திறந்துகொண்டு ஓடி வருமா? எரிச்சலோடு திரும்பினேன். ஆனால் அவர்கள்மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை?

அன்றே அக்காவிடம் சொல்லிவிட்டேன். "மொத பிளான்ல ஜன்னல் இருந்துச்சுக்கா. நான்தான் எடுத்துட்டேன்."

அவள் கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் தேவலை. "சரி, எனக்காவது வெச்சுக் குடு" என்றாள்.

அவள் சமையலறைச் சுவரில் வைத்துக் கொடுத்தேன். இப்போது படியில் யார் கால் வைத்தாலும் "யாரு?" என்று அவள் குரல் வருகிறது, நான் போனால்கூட. மற்ற வீட்டுப் பெண்கள் அந்தக் குரலை நம்பித்தான் ஏறுகிறார்கள்.

தீபத்தன்று சாயங்காலம் எல்லா வீட்டுக்காரர்களும் மலைப் பக்கப் பால்கனிகளில் கூடியிருந்தார்கள். அக்கா சமையலறையை விட்டு வரவில்லை. தீபம் ஏற்றப்போகிறார்கள், வா என்று கூப்பிட்டேன்.

ஜன்னலை விட்டுத் திரும்பாமலே சொன்னாள்: "நீ போய்ப் பாருடா. எல்லாரும் அங்க நின்னா படிய யாரு பாக்கறது?"