அம்மா சொல்லாமல் விட்ட வரி

பலாப்பழம் பழுத்து வெடிக்கும் வாசனை மே மாதம் முழுக்க எங்கள் ‘குவார்ட்டர்ஸி’ன் பின்பக்கத்தை விட்டு நகராது, சுரங்கத்துப் பக்கமிருந்து காற்று அடித்தால் அதோடு பழுப்பு நிலக்கரியின் புகைச்சலும் சேர்ந்துகொண்டு தொண்டையைக் கரகரக்க வைக்கும். எனக்கு அப்போது பத்து வயது, தம்பி சாமுவேலுக்கு ஐந்து. அப்பா ‘மைன்ஸி’ல் ‘பெர்மனென்ட்’ ஆனதும் மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து எங்களை நெய்வேலிக்குக் கூட்டி வந்திருந்தார்.

அப்பா ‘செகண்ட் ஷிஃப்ட்’டுக்குக் கிளம்பிப் போன ஒரு மதியம், மரத்தடிச் சருகுக்குள் உருண்டுபோன பந்தை எடுக்கக் கைவிட்ட சாமு, “அம்மா, ஏதோ குத்திடுச்சி” என்று சாதாரணமாகத்தான் சொன்னான். துணி அலசிக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தபோது, ஒரு நல்ல பாம்பு படத்தைச் சுருக்கிக்கொண்டு மதில் ஓட்டைக்குள் நுழைந்துகொண்டிருந்தது. நான் அலறினேன். அம்மா அலறவில்லை. “கைய ஆட்டாத கண்ணு, ஆட்டாத” என்று அவனை வாரி எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

எதிர்வீட்டுக் கணபதி மாமா திருநெல்வேலிக்காரர். அம்மா ஓடி வந்த வேகத்தைப் பார்த்தே, “என்னக்கா, பிள்ளைக்கு என்னாச்சு?” என்று எழுந்துவிட்டார்.

“பாம்பு கடிச்சிட்டுதுங்க.”

பனியனோடு ஸ்கூட்டரை உதைத்தார். அதற்குள் கூடிவிட்டவர்களில் யாரோ, கம்மாபுரத்தில் மந்திரிப்பவர் இருக்கிறார், கைராசிக்காரர் என்றார்கள். “ஆஸ்பத்திரிக்குத்தாங்க போறோம். ஆண்டவர் அங்கயும் இருக்காரு” என்று அம்மா பின்னால் ஏறி அவனை மடியில் கிடத்திக்கொண்டாள். நான் முன்னால் நின்றுகொண்டேன். வழியெல்லாம் என் முதுகுக்குப் பின்னால், “சாமு, கண்ணத் தொற. அம்மாவப் பாத்துகினே இரு” என்ற குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் இறக்கியபோது கை முழங்கை வரை வீங்கியிருந்தது. அதைவிட அவன் இமைகள்தான் என்னைப் பயமுறுத்தின. திறக்கப் பார்த்தான், அவை கேட்கவில்லை. டாக்டரம்மா விஷமுறிவு மருந்து ஏற்றச் சொல்லிவிட்டு வெளியே வந்து, “மூச்சு விடத் திணறினா மெஷின் வைக்கணும்மா. இப்ப எதுவும் சொல்ல முடியாது” என்று மறுபடி உள்ளே போனார். அப்பாவுக்குத் தகவல் சொல்லக் கணபதி மாமா சுரங்கத்துக்கு விரைந்தார். நடையில் அம்மாவும் நானும் மட்டும்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, ஞாயிறுதோறும் சபையில் எல்லோரும் சொல்லும் பரமண்டல ஜெபத்தை ஆரம்பித்தாள். நானும் கூடவே சொன்னேன். அவருடைய சித்தம் நடக்கட்டும் என்ற வரி வந்ததும் அவள் குரல் நின்றுவிட்டது. காத்திருந்தேன்.

“ஆண்டவரே, இத மட்டும் என்னால சொல்ல முடியல. உங்க இஷ்டம்னு புள்ளையத் தூக்கிக் குடுக்க எனக்கு மனசு வரல. நீங்களே பாத்துக்குங்க” என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். “சொல்லிடும்மா. சொல்லலன்னா அவருக்குக் கோவம் வந்துடும்மா, சாமு செத்துடுவாம்மா.”

“நாம சொன்னாலும் சொல்லலன்னாலும் அவரு நம்மள வுட மாட்டாரு. அவருகிட்ட பொய் மட்டும் பேசக் கூடாது.”

என்னால் அப்படி இருக்க முடியவில்லை. அம்மாவுக்குப் பதிலாக அந்த வரியை நானே முணுமுணுத்துவிட்டேன். முணுமுணுத்த மறுகணமே, சாமுவை எடுத்துக்கொள்ளச் சம்மதம் கொடுத்துவிட்டேனோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் ஓடி வந்தார், இன்னொருவரை அழைத்துக்கொண்டு ஓடினார். மெஷின் வைத்துவிட்டார்கள். அப்பா கரித்தூளும் வியர்வையுமாக வந்து அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அம்மா அவர் தோளில் சாய்ந்து, அப்போதுதான் முதல்முறையாக அழுதாள்.

சாமு பிழைத்தான். குழாயை எடுத்தபின் கரகரத்த குரலில், “பசிக்குதும்மா” என்றான். ஒரு விரல் மட்டும் இன்றுவரை நிமிரவில்லை. ‘ஜெபத்தாலதான் பொழைச்சான்’ என்று சபையில் பலர் சொன்னபோது அம்மா தலையாட்டவில்லை. சாமு கிடந்த நாட்களில், அதே வார்டில் ஜெபித்துக்கொண்டே பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தியின் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். “கிருபைங்க” என்று மட்டும் சொல்வாள். அதன்பின் வெகுநாள் ஞாயிறு ஆராதனையில் எல்லோரும் அந்த வரியைச் சொல்லும்போது அம்மா வாயை மூடிக்கொண்டிருப்பதை நான் மட்டும் கவனித்தேன். கோயிலுக்குப் போவதை அவள் நிறுத்தவில்லை, சொல்வது போல நடிக்கவும் இல்லை. பிறகு ஒரு மழைக்கால ஞாயிறில், அந்த இடத்தில் அவள் குரல் மெல்லக் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசை இன்று இல்லை. இடித்துச் சமன் செய்த இடத்தில் முள் மண்டிக் கிடக்கிறது. அப்பாவும் இல்லை, கணபதி மாமாவும் ஊரோடு போய்விட்டார். அம்மா கடலூரில் சாமுவோடு இருக்கிறாள். போன கிறிஸ்துமஸுக்குப் போயிருந்தபோது, அந்த மதியம் பயமாக இருந்ததா என்று சாமுவிடம் கேட்டேன். இத்தனை வருடத்தில் அதை நான் கேட்டதே இல்லை.

“எனக்கென்னக்கா பயம்?” என்றான். “அம்மா மடியிலதானே இருந்தேன்.”

அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.