மாமியார் போட்ட மார்க்

எங்கள் அலுவலகத்தில் அவளுக்கு மாமியார் என்று பெயர். கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவளுக்கு இப்படி ஒரு பட்டம். காதுபடவே சொல்வோம், கோபித்துக்கொள்ள மாட்டாள். "மருமக ஒழுங்கா இருந்தா மாமியார் எதுக்கு வாயைத் திறக்கப் போறா?" என்பாள். மருமகள் என்று அவள் சொன்னது வங்கிகளையும் இன்சூரன்ஸ் கம்பெனிகளையும்.

பணம் புழங்கும் கம்பெனிகளின் கம்ப்யூட்டர்கள் எவ்வளவு பத்திரமாக இருக்கின்றன என்று மார்க் போட்டு வரிசைப்படுத்துவது எங்கள் பிழைப்பு. உள்ளே போய்ப் பார்க்க அனுமதி கிடையாது. தெருவில் நின்றபடி வீடுகளை நோட்டம் விடுவது மாதிரிதான். எந்த ஜன்னல் திறந்து கிடக்கிறது, எந்தப் பூட்டு பழசு, எந்த வீட்டுச் சாவி திருட்டுச் சந்தையில் விலைக்கு வந்திருக்கிறது என்று மெஷினை விட்டு இணையத்தில் தேடுவோம். மெஷின் சொன்னதை அப்படியே நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டு நாங்கள் டீ குடிக்கப் போய்விடுவோம். அவள் மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளிடம் நல்ல மார்க் வாங்குவது குதிரைக் கொம்பு.

அவளுக்கு ஒரே தங்கை. அந்தத் தங்கையின் புருஷன் மனுஷனே இல்லை. கையை ஒடித்தான், பிறகு பெண்குழந்தையின் கழுத்தில் கத்தியை வைத்தான். அன்றைக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவள்தான். போலீசு, கோர்ட்டு எல்லாம் பார்த்தாயிற்று. அவன் வெளியேதான் திரிந்தான், தேடிக்கொண்டும் இருந்தான். தங்கை இரண்டு முறை வீடு மாறினாள். மூன்றாவது வீட்டின் முகவரி அக்காவுக்கும், அதே தெருவில் குழந்தை படித்த பள்ளிக்கூடத்துக்கும் மட்டும்தான் தெரியும்.

குழந்தைக்கு மூச்சுத்திணறல் உண்டு. கல்யாணமான புதிதில் எடுத்த மருத்துவ இன்சூரன்ஸ் ஒன்றுதான் அதற்கு இருந்த பிடிமானம். புதுப்பிக்க வேண்டுமானால் இப்போதைய முகவரியைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. தங்கை நடுங்கினாள்.

"கொடுக்கலாமாக்கா? உனக்குத்தானே எல்லாக் கம்பெனி லட்சணமும் தெரியும்."

"தைரியமா குடுடி. இந்த வருஷம் வரிசையில அவங்கதான் முதல் இடம். நானே ரெண்டு தடவை பார்த்தேன். ஒரு ஓட்டை கிடையாது."

அவள் பொய் சொல்லவில்லை. அந்தக் கம்பெனி வாசலில் ஓட்டை இல்லைதான். ஆனால் வாடிக்கையாளர்களுக்கு மெசேஜ் அனுப்பும் வேலையை அது வேறொரு சின்ன நிறுவனத்திடம் விட்டிருந்தது. அந்த வாசல் இன்னொருவர் பெயரில் இருந்ததால் எங்கள் மெஷின் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. சில மாதம் கழித்து வேறெதையோ குடைந்துகொண்டிருந்தபோது மாமியார்தான் கண்டுபிடித்தாள். பெயர், முகவரி, நோய் விவரம் எல்லாம் பூட்டே இல்லாமல் கிடந்தது. யாரோ அள்ளிக்கொண்டும் போயிருந்தார்கள். அவள் முகம் வெளிறியதை அன்றுதான் பார்த்தேன்.

உடனே கம்பெனிக்குத் தகவல் சொல்லி அந்த வாசலை அடைக்க வைத்தாள். தங்கைக்கும் போன் செய்து அழுதாள். தங்கைதான் தேற்றினாள். "திருடினவனுக்கு நான் யாரோ எவளோ. லட்சம் பேர்ல ஒருத்தி. அந்த ஆளுக்குத் தெரியாம இருந்தா எனக்கு அது போதும்கா. இன்னொரு வீடு மாற என்னால முடியாது."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

அதன் பிறகு மாமியாரின் கோபம் முழுக்கக் கம்பெனி மேல் திரும்பியது. அவர்களோ மழுப்பினார்கள். 'சில விவரங்கள் வெளியாகியிருக்க வாய்ப்பு உண்டு' என்று பட்டும் படாமலும் ஒரு அறிவிப்பைத் தயார் செய்து எங்களுக்குக் காட்டினார்கள். இவள் விடவில்லை. எங்கள் மார்க் விதியில் ஒன்று உண்டு. தகவல் பறிபோனால், யாருடைய எந்த விவரம் போனது என்று அவரவருக்கு அப்படியே காட்ட வேண்டும், பதிவில் இருக்கிற எல்லாத் தொடர்பு எண்ணுக்கும் அனுப்ப வேண்டும். அந்த விதியைச் சேர்த்ததே அவள்தான். "மூடி மறைச்சா கடைசி இடத்துல உக்கார வைப்பேன்" என்று கம்பெனி மேலாளரிடம் கறாராகச் சொன்னாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தார். நாங்கள் கைதட்டினோம். எங்களில் ஒருவர் மண்டையிலும் எதுவும் உறைக்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரமாக வருகிறது.

மறுநாள் சாயங்காலம் அவள் அந்தக் கம்பெனிக்குப் புது மார்க் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து மேசையில் நான். தங்கையிடமிருந்து போன் வந்தது. கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, காலையில மெசேஜ் வந்துச்சு. நீ சொன்ன மாதிரியே பண்ணிட்டாங்க. என் பேரு, பாப்பா பேரு, கதவு நம்பர், தெரு, எல்லாத்தையும் புட்டுப்புட்டு வெச்சிருக்காங்க."

"பின்ன? சும்மா விட்டுருவேனா?" மாமியார் சிரித்தாள். "எல்லா நம்பருக்கும் அனுப்பணும்னு சொன்னேன். அதுக்கும் சேர்த்துத்தான் மார்க்கு."



"எல்லா நம்பருக்குமா?" என்றாள் தங்கை. குரல் மாறியிருந்தது. "அக்கா, அந்தப் பாலிசி அவர் எடுத்தது. முதல் நம்பர் அவரோடது. முகவரியை மட்டும்தான் நான் மாத்தினேன்."

மாமியாரின் கை விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். காலையில் போன மெசேஜ். இப்போது மணி நாலைத் தாண்டியிருந்தது.

"கதவைத் தாழ்ப்பாள் போடுடி. யாரு கூப்பிட்டாலும் திறக்காத. பாப்பாவை உள்ள வெச்சுக்கோ, நான் போலீசைக் கூட்டிக்கிட்டு இதோ வரேன்."

"பாப்பா இன்னும் வரலைக்கா" என்றாள் தங்கை. "ஸ்கூலுக்குப் போன் பண்ணினேன். அப்பா வந்து கூட்டிட்டுப் போயிட்டார்னு சொல்றாங்க. வேற யாரோட அப்பாவையோ சொல்றாங்க, நீதான் கூட்டிட்டுப் போயிருப்பேன்னு நினைச்சுத்தான் உனக்குப் பண்ணினேன்."