பின்கதவு திறக்கும் விமானம்

வெள்ளம் வடிந்த கிழமை, நிவாரணம் ஏற்றிய இராணுவச் சரக்கு விமானமொன்று வாவிக்கு மேலாகத் தாழப் பறந்து இறங்கியது. என் மனைவி முற்றத்தில் நின்று அது மறையும்வரை பார்த்தாள்.

மறுநாளே மகளின் பிளாஸ்டிக் விளையாட்டுக் கட்டைகளையெல்லாம், அவள் கட்டிவைத்திருந்த வீட்டையும் கழற்றி, சாப்பாட்டு மேசையில் கொட்டினாள். மகள் கொழும்பில் படிக்கிறாள், தடுக்க ஆளில்லை. மேசையில் பாதிக்கு விமானத்தின் உடல், சாமான் ஏற்றத் திறந்து மூடும் பின்கதவோடு எழும்பியது. இரு பக்கமும் விரியும் செட்டைகள்தான் நிற்கவில்லை. பொருத்தப் பொருத்த, பாரம் தாங்காமல் வளைந்து விழுந்தன.

“செட்டையைக் கொஞ்சம் சின்னதாக்குவமே” என்றேன்.

“சாமான் ஏத்திற பிளேன் இது. பெரிய செட்டை வேணும்.”

கடைசியில், இரண்டு செட்டைகளையும் இணைத்து உடலின் மேலாக ஒரே நீளப் பாலம்போலக் கட்டைகளை அடுக்கினோம். நான் கீழே ஏந்திப் பிடிக்க, அவள் மேலே அழுத்தினாள்.

போர்க்காலத்தில் விமானச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் ஒளிந்த பிள்ளை அவள். “இப்ப உனக்குப் பயமில்லையா?” என்று கேட்டேன்.

“அப்ப வந்த பிளேன்ல அரிசி, பருப்பு வரல்லியே” என்றவள், “கைய எடுங்க” என்றாள்.

எடுத்தேன். செட்டைகள் நின்றன. அவள் என் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

படத்தை அனுப்பியதும் மகள் அழைத்தாள். “நான் கட்டின வீட்டை உடைச்சா பிளேன் செஞ்சீங்க?” என்று கோபித்தாள். பிறகு அவளே சிரித்துவிட்டாள். “நான் வாறவரைக்கும் கழட்டாதீங்க, அம்மா.”

“ஓம் மகள். நீ வா, பின்கதவைத் திறந்து காட்டுறன்.”