கொய்யாக் காக்காட போட்

ஜெனூபாவுக்கு ஏஐ என்றால் சம்பளம் கேட்காத வேலைக்காரி. அதுவும் ஏச்சு வாங்கிக்கொண்டே வேலை செய்கிற வேலைக்காரி. சாய்ந்தமருது கடற்கரை வீதியில் போட்டோக்கொப்பி எடுத்து, போனுக்கு ரீலோட் போட்டு, ஊராருக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிற சின்னக் கடை அவளுடையது. புருஷன் கட்டாரில். அரசாங்கக் கச்சேரிக்குச் சிங்களத்தில் கடிதம் வேணும், மகளுக்கு வேலை விண்ணப்பம் வேணும் என்று யார் வந்தாலும் போனை வாய்க்கிட்டப் பிடித்துக் கதைப்பாள். அது எழுதித் தந்ததும், "என்னகா இது, கந்தோருக்குக் கடிதம் கேட்டா கலியாண வாழ்த்து எழுதித் தாராய்? சுருக்கு!" என்று ஏசுவாள். அது மன்னிப்புக் கேட்டுத் திருத்தும். ஏசினால் மன்னிப்புக் கேட்கிற ஒரே ஆள் இந்த ஊரில் அதுதான் என்று சொல்லிச் சிரிப்பாள்.

எல்லாவற்றையும் அதுவே எழுதித் தந்தாலும் கண்ணை மூடி நம்புகிறவள் இல்லை. சிங்களக் கடிதம் என்றால் சிங்களம் தெரிந்த பக்கத்துப் பார்மசிக்காரரிடம் காட்டாமல் யார் கையிலும் கொடுக்க மாட்டாள்.

ஓஎல் பரீட்சையில் கணிதத்தைக் கோட்டை விட்டவள், ஏஐயோடு மல்லுக்கட்டி இணையத்தில் ஒரு பக்கமே செய்து வைத்திருந்தாள். கரையில் இன்றைக்கு என்ன மீன், என்ன விலை என்று பெண்கள் வீட்டிலிருந்தே பார்க்கலாம். பிழை வந்தால் பிழையை அப்படியே ஒட்டி, "இந்தா, நீ செய்த கூத்தைப் பார்" என்பாள். சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரி!

அவளுடைய தம்பி ஹிஷாம் வேறு ஒரு கூத்து. மர்சூக்கின் போட்டில் கடலுக்குப் போகிறவன். போட்டின் முன்பக்க அணியத்தில் ஏறி நின்று, சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடி, அதை டிக்டொக்கில் போட்டிருந்தான். ஜெனூபாவுக்கு மானம் போய்விட்டது. "அழிச்சிடுடா, மாமிமாரெல்லாம் பாக்கிறாங்க" என்று கத்தினாள். அவன் சிரித்தானே தவிர அழிக்கவில்லை. அந்தக் கோபத்தில் அவள் முகம் கொடுத்தும் கதைக்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்த ஒரு நாளில் ஹிஷாம் போன போட் திரும்பி வராமல் போனது. நாலு பேர். எஞ்சின் நின்றிருக்கும், கரைக்காற்று வெளியே தள்ளியிருக்கும் என்றார்கள். நேவிக்குச் சொல்லியாயிற்று. மற்ற போட்டுகளும் தேடிப் போய் வெறுங்கையோடு வந்தன. உம்மா ஸுலைஹா தொழுகிற முசல்லாவை விட்டு எழும்பவே இல்லை. ஆறுதல் சொல்ல வந்த ஒருத்தி பிணம் கிடத்திய மையித்து வீட்டுக்கு வந்தவளைப் போல் இழுத்து இழுத்து அழ, ஜெனூபாவுக்கு நெஞ்சு பற்றிக்கொண்டது. "வாய மூடுங்க மாமி! என்ட தம்பி மவுத்தாகல்ல. அழுறெண்டா உங்கட வீட்டுல போய் அழுங்க" என்று வாசலைக் காட்டினாள்.

கடைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு போனை எடுத்தாள். இந்த மாதத்தில் எஞ்சின் இல்லாத போட் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டாள். உறுதியாகச் சொல்ல முடியாது என்றது அது. ஆனால் இந்தக் காற்றுக் காலத்தில் வடக்கே, ஆந்திரக் கரைப் பக்கம் இழுபடக்கூடும், அங்குள்ள கரையோரக் காவலுக்கும் மீனவர்களுக்கும் தெரிவிப்பது நல்லது என்றது. அங்கே தெலுங்கு.

"அப்ப தெலுங்கில எழுது. கொய்யாக் காக்காட போட்டக் கண்டா இந்த நம்பருக்குச் சொல்லச் சொல்லு."

"படகின் பதிவு எண், நிறம், படம், அதில் உள்ளவர்களின் முழுப்பெயர் ஆகியவற்றைத் தர முடியுமா? அங்குள்ள மீனவர்களுக்குக் கொய்யாக் காக்கா யாரென்று தெரியாது."

ஜெனூபாவுக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. வீட்டு வளவில் கொய்யா மரம் நின்ற பாவத்துக்கு, அண்ணனைக் காக்கா என்கிற இந்த ஊருக்கே மர்சூக் கொய்யாக் காக்கா. அவருடைய போட் கொய்யாக் காக்காட போட். வட்ஸ்அப்பில் ஊரே பகிர்ந்து தள்ளியதும் அதுதான்: 'கொய்யாக் காக்காட போட் வரல்ல, துஆச் செய்ங்க.' அவளே அதை எழுதியவள்! எண் இல்லை, நிறம் இல்லை. நாலு பேரில் ஒருவரின் பெயர் 'சுண்டான்' என்று போட்டிருந்தது. நம்ம ஊர்ப் புத்தி அப்படி. நமக்குத் தெரிந்தால் உலகத்துக்கே தெரியும்.

போட்டைக் கடலுக்கு விட்டுவிட்டுக் கரையிலேயே இருக்கிற முதலாளி மர்சூக்கின் வீட்டுக்கு ஓடினாள். எண் கிடைத்தது. படம்? "போட்ட ஆரு புள்ள படம் எடுத்து வெச்சிரிக்கா?" என்று மனிதர் தலையில் கை வைத்தார். சுண்டானின் உண்மைப் பெயர் அவருக்கும் தெரியாது. அவனுடைய மனைவியிடம் போய்க் கேட்டு, முஸ்தாக் என்று எழுதிக்கொண்டு வரும் வழியில் ஜெனூபா நடுவீதியில் நின்றுவிட்டாள். படம் இருக்கிறது. ஹிஷாமின் ஆட்டம்!

நீலப் போட், மஞ்சள் கோடு, அவன் காலுக்குக் கீழே வெள்ளையில் எண். சாரனை மடித்துக்கொண்டு பல்லைக் காட்டுகிறான். அவள் அழுதுகொண்டே அந்த வீடியோவை எடுத்தாள். மீன் விலைப் பக்கத்தை அப்படியே மாற்றி, வீடியோவையும் பெயர்களையும் தெலுங்கில் போடச் செய்தாள். தெலுங்கு வாசித்துக் காட்ட இங்கே யார் இருக்கிறார்கள்? ஏஐயில் புதிதாக ஒரு உரையாடலைத் திறந்து, அந்தத் தெலுங்கைத் திருப்பித் தமிழில் கேட்டுப் பார்த்தாள். சரியாக இருந்தது. பிறகு ஆந்திர மீனவர்களின் பேஸ்புக் குழுக்கள் ஒவ்வொன்றாகத் தட்டினாள். பதில் எழுதிய ஒவ்வொருவருக்கும் தெலுங்கில் திரும்ப எழுதினாள். கடை பூட்டியே கிடந்தது. அவள் சோறு தின்றாளா என்று கேட்கவும் யாருக்கும் துணிவு வரவில்லை.

சிலர் சிரித்தார்கள். "தம்பிய டிக்டொக்கில தேடுறாளாம்" என்றார்கள். சிரித்தவர்களில் ஒருவருக்கும் வேறு வழி தெரிந்திருக்கவில்லை.

ஒரு நாள் பின்னேரம், அஸர் தொழுகை நேரம், தெரியாத நம்பரிலிருந்து குரல் பதிவு வந்தது. முழுக்கத் தெலுங்கு. உடனே ஏஐக்குக் கொடுத்தாள். "நீலப் படகு. நீங்கள் போட்ட எண். நான்கு பேரும் உயிரோடு இருக்கிறார்கள், மிகவும் களைத்திருக்கிறார்கள். எங்கள் படகில் ஏற்றிக் கரைக்கு வந்துவிட்டோம்."

உம்மா ஓடி வந்தா. ஜெனூபா அவவைச் சந்தோஷப்பட விடவில்லை. "நில்லுங்க உம்மா. அவன்ட குரலக் கேட்டாத்தான் நம்புவன்." அதையும் தெலுங்கில் எழுதச் சொல்லி அனுப்பினாள்.

போன் மறுபடி சத்தம் போட்டது. காய்ந்து போன தொண்டை, ஆனால் அவனேதான்.

"ராத்தா... நீதானேடி அழிக்கச் சொன்ன? இப்ப இந்தியா முழுக்க என்ட ஆட்டத்தக் காட்டிட்டியே!"

உம்மா அப்படியே நிலத்தில் நெற்றியை வைத்து ஸுஜூதில் விழுந்தா. ஜெனூபா இத்தனை நாளும் அடக்கி வைத்த அழுகையெல்லாம் ஒன்றாய் வர, போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினாள்:

"செருப்பால அடிப்பன்டா நாயே! மொதல்ல தண்ணியக் குடி, பிறகு கத!"