சுவரில் ஒரு ரப்பர் மரம்

தமிழரசிக்கு ஒரு பாட்டுப் பிடித்துவிட்டால் போதும், அதைக் காதோடு விட மாட்டாள். கண்ணாலும் பார்த்தாக வேண்டும். துறைமுகத்தை ஒட்டிய ஃபீனிக்ஸ் பே பக்கம் ஒரு ஸ்டிக்கர் கடையில் படகுக்கும் ஆட்டோவுக்கும் பெயர் வெட்டுவது அவள் வேலை. வேலை ஓய்ந்த நேரத்தில் ஒரு மழைப் பாட்டின் எழுத்துகளை வளைத்து நெளித்துக் குடையாக்குவாள். ஒரு தாலாட்டைத் தூளியாக்குவாள். அவள் வெட்டிய குடையை முதுகில் ஒட்டிக்கொண்டு ஊருக்குள் நாலைந்து ஆட்டோ ஓடியது. இவ்வளவும் சரி. அந்தக் கைக்கு வீட்டுச் சுவரில் என்ன வேலை?

பத்துபஸ்தியில் அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டில் ஒரு பெயரை யாரும் சொல்வதில்லை. புஷ்பா, அவள் கணவன் சுரேந்திரனின் தங்கை. கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் தாய் வேலாயியும் மகளுமாகப் பால் வெட்டியவர்கள். சுனாமி வந்த காலையில் நிலம் ஆடியதும், கரையோரத்துத் தோழியைப் பார்த்துவர இறங்கிப்போன புஷ்பா திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. மூத்த மகன் நாகலிங்கம் தங்கையின் படத்துக்கு மாலை போட்டான். "உசுரோட இருக்குறவளுக்கு மாலை போட்டியாடா?" என்று துணி மூட்டையோடு கிளம்பிய வேலாயி அப்புறம் அவன் வாசலை மிதிக்கவேயில்லை. இளைய மகனின் இந்த வீட்டையும் விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

இது தெரிந்தும் மருமகளின் கை சும்மா இருக்கவில்லை. படம் வைத்தால்தானே குற்றம், பாட்டை வைத்தால்? புஷ்பா பால் வெட்டும்போது பாடிய பாட்டை, அவளோடு வேலை செய்த பக்கத்து வீட்டு ராசம்மாவிடம் கேட்டு வாங்கினாள். மாமியார் கோயிலுக்குப் போன ஒரு வெள்ளிக்கிழமை, அந்த வரிகளைக் கறுப்பு ஸ்டிக்கரில் வெட்டிச் சுவரில் ரப்பர் மரமாக ஒட்டினாள். பட்டையில் இட்ட வெட்டுபோல் வரிகள் சாய்ந்து இறங்கின. அடியில், பால் பிடிக்கக் கட்டும் சிரட்டை. அதற்குள் விழவேண்டிய கடைசி வரி மட்டும் ராசம்மாவுக்கு நினைவில்லை. சிரட்டை காலியாக இருந்தால் அழகு கெடுமே என்று தானே ஒரு வரி கட்டி நிரப்பினாள், கெட்டிக்காரி.

கப்பல் வேலை முடிந்து வந்த சுரேந்திரன் சுவரைப் பார்த்ததும் வெளிறிப்போனான்.

"உனக்கு திமாக் இருக்கா, அரசி? மூளைய அடகு வச்சிட்டியா? அம்மா வர்றதுக்குள்ள பிய்ச்சு எடு, ஜல்தி!"

நகத்தால் ஓரத்தைக் கிளப்பினாள். பூச்சும் சேர்ந்து பெயர்ந்தது. அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

வேலாயிக்குப் படிக்கத் தெரியாது. மரம் தெரியும். நேராகச் சுவரருகே வந்து நின்றாள்.

"நம்ம மரமால்ல இருக்கு. என்னா எழுதியிருக்க?"

"பாட்டு, அத்தை."

"யாரு பாட்டு?"

தமிழரசி சுரேந்திரனைப் பார்த்தாள். பக்கத்து விமான நிலையத்துக்கு வந்த விமானம் ஒன்று வீட்டை அதிரவைத்தபடி தாழ இறங்கியது. சத்தம் அடங்கியதும் வேலாயி சுவரைக் காட்டினாள்.

"படி."

தமிழரசி படித்தாள். "பனி வெலகு முன்னாடியே பாலு வெட்டப் போறேம்மா... சாஞ்ச கோட்டு வழி புடிச்சு சன்னமா எறங்குதம்மா..." வேலாயியின் உதடுகள் கூடவே அசைந்தன. அதைப் பார்த்துத் தமிழரசிக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. கடைசி வரியையும் படித்தாள். "செரட்டை நெறைஞ்சிருச்சு, சேர்ந்து வீடு போவோம்மா."

"பொய்யி!"

கொடியில் கிடந்த சேலையை வேலாயி வெடுக்கென்று உருவினாள். போச்சு, மூட்டை கட்டப்போகிறாள் என்றே தமிழரசி நினைத்தாள்.

"அம்மா, இவ தெரியாம..."

"சும்மா இருடா."

சேலையில் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பிறகு, அந்த வீட்டில் யாரும் கேட்டிராத குரலில் பாடினாள். "செரட்டை நெறையு முன்னே திரும்பி வந்து நிப்பேம்மா."

மகனைத் திரும்பிப் பார்த்தாள். "என்னைய மரத்தடியில விட்டுட்டு எங்க போனாலும் இதப் பாடிட்டுத்தான்டா போவா. அன்னிக்கும் பாடிட்டுத்தான் எறங்குனா."

தமிழரசி அழுதேவிட்டாள். "எல்லாத்தையும் எடுத்துடுறேன், அத்தை."

"மரம் இருக்கட்டும். செரட்டைக்குள்ள இருக்குறத எடு."

தன் வரியைப் பிய்த்தெடுத்தாள். சிரட்டைக்குள் சுவர் வெள்ளையாகத் தெரிந்தது. "நீங்க பாடுன வரிய நாளைக்கு வெட்டிக் கொண்டாறேன். இதுல ஒட்டிடலாம்."

"வேணாம்." வேலாயி அந்த வெறும் சிரட்டையை விரலால் தடவினாள். "அது நெறைய வேணாம், புள்ள. அவ வரணும்ல."