அவருக்குத் தெரியாத விநாடிகள்

ஓப்பநாயக்க டவுனிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் ரோட்டில் ஒரு மோசமான வளைவு இருக்கிறது. அன்று மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தோம். என் வீட்டுக்காரர்தான் த்ரீவீலரை ஓட்டினார். அதுதான் எங்கள் பிழைப்பு. வளைவு வந்தும் வண்டி திரும்பவில்லை. கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். கண் திறந்திருந்தது, இமை மட்டும் படபடத்தது. "என்னங்க!" என்று கத்தினேன். அசைவே இல்லை. அவர் தோளுக்கு மேலால் பாய்ந்து ஹேண்டிலை இழுத்தேன். சக்கரம் ரோட்டோர வடிகானுக்குள் இறங்கி வண்டி நின்றது. மகள் அழத் தொடங்கினாள்.

அவர் சட்டென்று திரும்பினார். "பைத்தியமா ஒனக்கு? ஏன் ஹேண்டில புடிச்சு இழுத்த?"

நடிக்கவில்லை. நிஜமாகவே அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

அதற்கு முன்பும் சாப்பிடும்போது, பேசும்போது இப்படிச் சில விநாடி நின்றுவிடுவார். நான் சொல்வதைக் காதில் வாங்குவதில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தார். "வலிப்புன்னு சொல்லிட்டா லைசன்ஸ் போயிரும். அப்புறம் என்னத்த திங்கிறது?" நானும் மகளும் அந்த வண்டியில் ஏறுவதை நிறுத்திவிட்டோம். மழையில் நாங்கள் நடந்து போவதை லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் பார்த்தார்கள். அந்த வெட்கத்தில்தான் சம்மதித்தார். பஸ்ஸில் என் காதோடு சொன்னார்: "வளைவுல நடந்தத டொக்டர்கிட்ட சொல்லிறாத."

பரிசோதனை அறையில் ஒரு சிங்கள நர்ஸ் மிஸ் என் வீட்டுக்காரரின் தலை முழுக்கப் பசை தடவி வயர்களை ஒட்டினார். என்னை ஓரத்தில் உட்காரச் சொன்னார். திரையில் வரிவரியாகக் கோடுகள், சின்னச் சின்ன நெளிவாக ஓடின. இது மூளையில் ஓடும் கரண்ட் என்றார் மிஸ். பிறகு அவரை வேகமாக மூச்சு இழுத்து விடச் சொன்னார். இழுத்தார், விட்டார், வியர்த்தார். திரையில் மாற்றமில்லை. ஒன்றுமில்லையோ, நான்தான் வீணாகப் பயந்தேனோ என்று ஒரு கணம் தோன்றியது.

அப்போது எல்லாக் கோடுகளும் ஒன்றாகத் துள்ளின. ஒரு கூர்முனை, பின்னால் ஓர் அலை. மறுபடி முனை, அலை. ஒரே தாளத்தில், திரையையே நிரப்பிக்கொண்டு. அவர் மூச்சு இழுப்பதை நிறுத்தியிருந்தார். மிஸ் குனிந்து, "கஹ குடே" என்று சத்தமாகச் சொன்னார். மஞ்சள் குடை. பிறகு, தொடங்கியது போலவே பட்டென்று கோடுகள் அடங்கின. அவர் மூச்சைத் தொடர்ந்தார்.

"நான் இப்ப என்ன சொன்னேன்?" என்று சிங்களத்தில் கேட்டார் மிஸ்.

"மூச்சு இழுக்கச் சொன்னீங்க."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லலியே." அவர் என்னைப் பார்த்தார். என் முகத்தில் எதைக் கண்டாரோ, திரையைத் திரும்பிப் பார்த்தார்.

படத்தைப் பார்த்த டொக்டர், சின்ன வயதிலிருந்தே இது இருந்திருக்கலாம், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்றார். "ரோட்டுல ஏதாவது நடந்திருக்கா?" என்று கேட்டார். வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். நான் வளைவில் நடந்ததைச் சொன்னேன். முழுவதையும் சொன்னேன். வண்டி ஓட்டவே கூடாது என்று சொல்லி டொக்டர் மருந்து எழுதினார்.

பல நாள் அவர் என்னோடு பேசவில்லை. தேயிலைக் கொழுந்து லொறியில் மூட்டை ஏற்றப் போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்படிக்கு வந்து கேட்டார்: "அந்த நேரத்துல நான் எப்படி இருப்பேன்? செஞ்சு காட்டு."

கையிலிருந்த அகப்பையோடு அப்படியே நின்று, எங்கோ பார்த்து, இமையை மட்டும் அடித்துக் காட்டினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"புள்ளையும் இதப் பார்த்திருக்காளா?"

"பார்த்திருக்கா."

அதன்பிறகு மருந்தை நான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. இந்த வருடம் எடுத்த படத்தில் கோடுகள் ஒரே ஒரு முறைதான் துள்ளின, அதுவும் கொஞ்ச நேரம். வண்டியை இன்னும் தொடக் கூடாது என்றார் டொக்டர், அவர் தலையாட்டினார். எனக்குத்தான் பயம் விடவில்லை. பேச்சுக்கு நடுவில் அவர் கொஞ்சம் நிறுத்தினாலே கூப்பிட்டுவிடுகிறேன். "இருக்கேன், இருக்கேன்" என்று எரிந்து விழுகிறார்.