வாக்குத்தத்த அட்டையை நம்பி நிறுத்திய மாத்திரை

என் மகளுக்கு மூன்று வருடமாக வலிப்பு. படிக்காத புத்தகமில்லை, போகாத கூட்டமில்லை. திண்டிவனத்து ஜெபவீட்டில், பைபிள் வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகளில் ஒன்றை எடுத்தேன். சுகம் கிடைக்கும் என்ற வசனம் வந்தது. "மாத்திரைய நம்புறீங்களா, கர்த்தர நம்புறீங்களா பிரதர்?" என்றார் அங்கிருந்த ஊழியக்காரர். திங்கட்கிழமை மாத்திரையை நிறுத்தி, டைரியில் குறித்துக்கொண்டேன்.

வியாழன் காலை பள்ளிக்குக் கிளம்பியவள் வாசலிலேயே விழுந்தாள். வலிப்பு நிற்கவே இல்லை. விழுப்புரம் மருத்துவமனையில் எங்கள் சபைப் போதகரைக் கண்டதும், "ஜெபம் பண்ணுங்கய்யா" என்று அழுதேன்.

"பண்ணிக்கினுதான் வர்றேன். திண்டிவனம் போயி அட்ட எடுத்தீங்கன்னு கேள்விப்பட்டேன். மாத்திரைய என்னிக்கு நிறுத்துனீங்க? டாக்டராண்ட சொன்னீங்களா?"

அவமானத்தில் மறைத்திருந்தேன். ஓடிப்போய்ச் சொன்னேன். மறுநாள்தான் கண் விழித்தாள்.

இப்போது மகளுக்குச் சுகம் என்று யார் தீர்க்கதரிசனம் சொன்னாலும், "இத எங்க டாக்டர் முன்னாடி வந்து சொல்றீங்களா?" என்று கேட்கிறேன். இதுவரை ஒருவரும் வரவில்லை.